முதல் கோப்போடு முதல் கொமிட்: கல்முனைக் கரையோர மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஊர்களில் இணையத்தளம் கட்டக் கற்கத் தொடங்கியுள்ள மாணவ மாணவியருக்கும், அவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும்,



இணையப் பக்கம் என்பது அடிப்படையில் ஓர் எழுத்துக் கோப்பு. பிரவுசரில் ஒருவர் ஒரு முகவரியைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை டி.என்.எஸ். என்ற பெயரேட்டு முறை தேடிக் கொடுக்கிறது. பிரவுசர் அந்த எண்ணுக்குரிய சேர்வரிடம் கோப்பைக் கேட்கிறது. சேர்வர் கோப்பை அனுப்புகிறது; இல்லையென்றால் 404 என்ற எண்ணை அனுப்புகிறது. வந்த கோப்பைப் பிரவுசர் மேலிருந்து கீழாக வாசித்து, அதில் குறிப்பிடப்பட்ட படங்கள், அலங்கார விதிகள், நிரல்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக மீண்டும் கேட்டு வாங்கிப் பக்கத்தைத் திரையில் வரைகிறது. கணினியில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் இந்தக் கேள்வியும் பதிலும் வரிசையாக ஓடுவதைக் காணலாம். எந்தப் பாடநூலுக்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி அதுதான்.

அந்த எழுத்துக் கோப்பின் மொழி எச்.டி.எம்.எல். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ 1989இல் முன்வைத்த யோசனையிலிருந்து வலை பிறந்தது. 1993 ஏப்ரல் 30இல் சேர்ன் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. எச்.டி.எம்.எல்.லின் வேலை, எது தலைப்பு, எது பந்தி, எது பட்டியல், எது இணைப்பு, எது படம் என்று அடையாளமிடுவது. மருதமுனைக் கைத்தறிச் சாரனும் சாரியும் விற்கும் ஒரு கடைக்குப் பக்கம் செய்வதாக வைத்துக்கொண்டால், கடையின் பெயர் முதல்நிலைத் தலைப்பு, துணி வகைகள் இரண்டாம்நிலைத் தலைப்புகள், விலைகள் ஓர் அட்டவணை. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாதாரண வரியைத் தலைப்பாக அடையாளமிடுவது தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அளவு பற்றிய வேலை வேறொரு மொழிக்கு உரியது. அடையாளம் சரியாக இருந்தால்தான் தேடுபொறிக்கும், பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது விளங்கும்.

கோப்பின் தலைப்பகுதியில் மூன்று அறிவிப்புகள் தவறாமல் இருக்க வேண்டும். எழுத்துக் குறிமுறை யு.டி.எஃப்-8 என்பது ஒன்று. பக்கத்தின் மொழி தமிழ் என்பது இன்னொன்று. போன் திரையின் அகலத்துக்குப் பக்கம் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதை விட்டுவிட்டால் பக்கம் போனில் எறும்பளவு எழுத்துகளோடு வரும். முதலாவதை விட்டால் தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாக மாறக்கூடும்.

தமிழ் எழுத்து விடயத்தில் சற்று நின்று போக வேண்டும். இலங்கையின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலம் கோலோச்சியது. பாமினியில் தட்டிய வரி திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது குழம்பிய ஆங்கிலமாகத் தெரியும். கூகுளில் தமிழில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருபோதும் அகப்படாது. ஆகவே பாமினியில் கிடைக்கும் துண்டுப்பிரசுரத்தையோ விலைப்பட்டியலையோ பக்கத்தில் ஒட்டுவதற்கு முன் யுனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

யுனிகோடிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்முனை என்ற சொல் வாசிப்பவருக்கு நான்கு எழுத்து. கணினிக்கோ க, ல, புள்ளி, ம, உகரக் குறி, ன, ஐகாரக் குறி என ஏழு குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 21 பைட். பக்கத்தில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 7 என்றே சொல்லும். பெயரைப் பத்து எழுத்துக்குள் எழுதுக என்று படிவத்தில் எல்லை வைப்பவர் இதை அறியாவிட்டால், தமிழில் பெயர் எழுதும் வாடிக்கையாளர் பாதியிலேயே நிறுத்தப்படுவார். சொல்லை நடுவில் வெட்டினால் புள்ளியோ உயிர்க்குறியோ தனியாகத் தொங்கும்.

பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரப் பக்கம் செய்பவருக்கு இன்னொரு தேவை வரும். அரபு வாசகம் வரும் பகுதிக்கு மொழி அரபு என்றும், திசை வலமிருந்து இடம் என்றும் தனியாகக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அரபும் தமிழும் எண்களும் கலந்த வரியில் நிறுத்தற்குறிகளும் அடைப்புகளும் இடம் மாறிப் போகும். வசனத்தைப் படமாக ஒட்டிவிட்டுத் தப்பிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது சோம்பல், படத்தைத் தேடவும் முடியாது, பெரிதாக்கினால் தெளிவும் போய்விடும்.

அலங்காரம் சி.எஸ்.எஸ். மொழியின் வேலை. அதன் முதல் தரநிலை 1996இல் வெளியானது. நிறம், எழுத்தளவு, இடைவெளி, பத்திகளின் அடுக்கு ஆகியவை தனிக் கோப்பில் விதிகளாக எழுதப்படுகின்றன. பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு பெட்டி என்பதும், உள்ளடக்கம், உள் இடைவெளி, எல்லைக்கோடு, வெளி இடைவெளி என அப்பெட்டிக்கு நான்கு அடுக்கு உண்டு என்பதும் புரிந்துவிட்டால் பாதி சி.எஸ்.எஸ். கைவந்த மாதிரி. தமிழுக்கு வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி வைக்க வேண்டும். இல்லையேல் மேல் வரியின் உகரக் குறியும் கீழ் வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும். போனுக்கு முதலில் எழுதி, பிறகு அகலமான திரைக்கு விதி சேர்ப்பதே நல்ல வரிசை. இந்த ஊர்களில் கடைப் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர்களின் கையில் இருப்பது போன்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிவது, படிவத்தில் தொலைபேசி இலக்கம் சரியா என்று பார்ப்பது போன்ற அசைவுகளுக்கு அது வேண்டும். முதல் பக்கத்துக்கு அது தேவையே இல்லை. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் வரும் பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் ஆகியவை சேர்வர் பக்கத்து வேலைகள். ஓடர் எடுத்துச் சேமிக்க வேண்டிய நிலை வரும்போது அவற்றுக்குப் போகலாம். வெறும் கோப்புகளாலான நிலையான தளம் மலிவானது, வேகமானது, உடைத்துப் புகுவதற்குக் கடினமானது. சிறிய கடைக்கும் பள்ளிவாசலுக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

வீட்டுக் கணினியில் தெரிந்த படம் சேர்வரில் தெரியாமல் போவது தொடங்குபவர்களை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் சிக்கல். காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. லினக்ஸ் சேர்வர் பார்க்கும். அல்லது படத்தின் இருப்பிடம் சி டிரைவிலிருந்து தொடங்கி எழுதப்பட்டிருக்கும். அந்த டிரைவ் சேர்வரில் இல்லை. கோப்புப் பெயர்கள் முழுவதும் சிறிய ஆங்கில எழுத்திலும், இடைவெளி இல்லாமலும், முகவரிகள் கோப்புறைக்குள் இருந்து தொடங்குவதாகவும் இருந்தால் இந்த நோய் வராது. போன் கமராவில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அதைச் சுருக்காமல் ஏற்றினால் பார்ப்பவரின் டேட்டாதான் கரையும்.

இதுவரை சொன்னதெல்லாம் வகுப்புகளில் ஏதோ ஒரு வடிவில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. கோப்பின் வரலாற்றைக் காப்பது எப்படி என்பது பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை. விளைவு எல்லோரும் அறிந்ததே: கோப்புறைக்குள் 'கடைசி', 'கடைசி2', 'புதுக் கடைசி', 'சேருக்குக் காட்டியது' என்ற பெயர்களில் ஒரே பக்கத்தின் பிரதிகள். எதில் எது மாறியது என்று எழுதியவருக்கே தெரியாது. இருவர் சேர்ந்து வேலை செய்தால் வட்ஸ்அப்பில் சிப் கோப்புகள் பறக்கும். ஒருவர் திருத்தியதை மற்றவரின் பழைய பிரதி அழித்துவிடும்.

பதிப்புக் கட்டுப்பாடு இந்தக் குழப்பத்துக்கான மருந்து. 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் எழுதப்பட்ட எஸ்.சி.சி.எஸ். அதன் முன்னோடி. பிறகு ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ்., சப்வேர்ஷன் என்று வந்தன. இன்று உலகம் பயன்படுத்துவது கிட். லினக்ஸ் கருவை உருவாக்கியவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளைப் பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அதன் இலவசப் பயன்பாடு நிறுத்தப்பட்டதும், அவர்களில் முதன்மையானவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தமக்கு வேண்டியதைத் தாமே எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 3இல் தொடங்கிய கிட், ஏப்ரல் 7இல் தன் சொந்த மூலநிரலைத் தானே காக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து அதைப் பராமரிப்பவர் ஜூனியோ ஹமானோ.

கிட்டின் உள்ளே நடப்பது இதுதான். திட்டக் கோப்புறையில் 'கிட் இனிட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் மறைவான ஒரு துணைக் கோப்புறை உருவாகும். வரலாறு முழுவதும் அதில் சேரும்; இப்படி வரலாறு காக்கப்படும் கோப்புறையே களஞ்சியம். கோப்புகளைத் திருத்திய பின், எவை பதிவாக வேண்டும் என்பதை 'கிட் ஆட்' தெரிவு செய்கிறது. 'கிட் கொமிட்' பதிவு செய்கிறது. ஒரு கொமிட் என்பது அந்தக் கணத்தில் திட்டம் முழுவதும் இருந்த நிலை. கூடவே செய்தவர் பெயர், நேரம், காரணக் குறிப்பு, முந்தைய கொமிட்டின் அடையாளம் ஆகியவையும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட 40 இலக்க அடையாளம் உண்டு. வழக்கத்தில் முதல் ஏழு இலக்கம் போதும். பழைய கொமிட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் அடையாளம் மாறும், அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் அடையாளமும் மாறும். ஆகவே வரலாற்றை ஒருவர் சத்தமில்லாமல் திருத்திவிட முடியாது.

தெரிவு, பதிவு என இரண்டு படிகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விலை மாற்றமும் எழுத்துரு மாற்றமும் ஒரே மாலையில் செய்யப்பட்டிருந்தாலும் அவற்றை இரண்டு கொமிட்டாகப் பிரிக்க அந்த முதற்படி உதவுகிறது. ஒரு கொமிட், ஒரு காரணம்: இந்த ஒழுங்கு இருந்தால் நாளை எழுத்துருவை மட்டும் பழையபடி திருப்பலாம். காரணக் குறிப்பு 'அப்டேட்' என்று இருந்தால் எழுதாததற்குச் சமம். 'பருத்திச் சாரன் விலை திருத்தப்பட்டது' என்றிருந்தால் ஆறு மாதம் கழித்தும் விளங்கும். குறிப்பைத் தமிழிலும் எழுதலாம், கிட் தடுக்காது. கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் மட்டும் திரையில் எண்களாகக் காட்டும். கோர்.குவோட்பாத் என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் தமிழாகவே தெரியும்.

கொமிட் செய்ய இணையம் வேண்டாம். வரலாறு முழுவதும் ஒவ்வொருவரின் கணினியிலும் இருப்பதால், டேட்டா தீர்ந்த இரவிலும் வேலை பதிவாகும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிலுள்ளவர்களுக்கு இதன் பெறுமதி சொல்லாமலே விளங்கும். மடிக்கணினியின் பற்றரி அணையுமுன் ஒரு கொமிட், அவ்வளவுதான்.

கிளை என்பது பிரதான வரலாற்றைத் தொடாமல் பக்கத்தில் ஒரு வழி பிரித்து வேலை செய்வது. நோன்புப் பெருநாள் கழிவு விலைகளைத் தயாரிக்க ஒரு கிளை பிரிக்கலாம். பெருநாள் நெருங்கும்வரை பிரதான பக்கம் பழைய விலையோடு ஓடிக்கொண்டிருக்கும். நேரம் வந்ததும் கிளையைப் பிரதானத்தோடு இணைக்கலாம். இதற்கிடையில் கூட்டாளி பிரதானத்தில் அதே சாரனின் விலையை வேறாக மாற்றியிருந்தால் கிட் தானாக முடிவெடுக்காது. கோப்பின் அந்த இடத்தில் இருவர் எழுதியதையும் ஏழேழு குறிகளுக்கு இடையில் வைத்துவிட்டு நிற்கும். அதைக் கண்டு பயந்து கோப்புறையையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோர் பலர். பயப்பட ஒன்றுமில்லை, எந்த விலை சரி என்று கூட்டாளியைக் கேட்டு, சரியானதை வைத்து, குறிகளை நீக்கி, மீண்டும் கொமிட் செய்தால் முடிந்தது. இரண்டு விலையில் எது சரி என்பது கடைக்காரருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

பின்னோக்கிப் போகும் கட்டளைகளில் சாதுவும் உண்டு, முரடும் உண்டு. 'ரிவர்ட்' பழைய மாற்றத்தை நேர்மாறாக்கும் புதிய கொமிட் ஒன்றைச் சேர்க்கிறது. வரலாறு அப்படியே இருக்கும். 'ரீசெட்' கட்டளையை 'ஹார்ட்' என்ற சொல்லோடு கொடுத்தால் கொமிட் செய்யாத திருத்தங்கள் போய்விடும். அவற்றை கிட் மீட்டுத் தராது. பகிர்ந்த களஞ்சியத்தில் வலுக்கட்டாயமாக 'புஷ்' செய்வது, அதாவது ஏற்றுவது, மற்றவரின் வேலையை மூடிவிடும். முதல் ஆண்டில் இந்த இரண்டையும் தொடாமலிருப்பது நல்லது.

கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் கணினியில் ஓடும் கருவி. கிட்ஹப் 2008இல் தொடங்கி, 2018இல் மைக்ரோசொப்ட் 750 கோடி டொலருக்கு வாங்கிய தளம். கிட் களஞ்சியங்களின் பிரதியை இணையத்தில் வைத்திருப்பது அதன் வேலை. உக்ரைனில் தொடங்கிய கிட்லேப் போன்ற மாற்றுகளும் உள்ளன. களஞ்சியத்தை இறக்குவது 'குளோன்', ஏற்றுவது 'புஷ்', மற்றவர் சேர்த்ததை எடுத்துக்கொள்வது 'புல்'. 'புல் ரிக்குவெஸ்ட்' என்பது என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம். சேர்ப்பதற்கு முன் வரிவரியாகக் கேள்வி கேட்கலாம். நிலையான தளத்தை கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாகவே வெளியிட முடியும். பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் செய்த சிறிது நேரத்தில் பக்கம் உலகத்துக்குத் தெரியும்.

அதே காரணத்தால் இரண்டு எச்சரிக்கைகள். கடவுச்சொல்லோ தரவுத்தளத் திறவுகோலோ உள்ள கோப்பைக் கொமிட் செய்யக் கூடாது, '.கிட்இக்னோர்' கோப்பில் அதன் பெயரை எழுதி வைத்தால் கிட் அதைச் சேர்க்காது. தவறிச் சேர்ந்துவிட்டால் அடுத்த கொமிட்டில் நீக்குவது பயனற்றது, பழைய கொமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். கடவுச்சொல்லையே உடனே மாற்ற வேண்டும். மற்றது, கொமிட்டில் பதியும் மின்னஞ்சல் முகவரி. பொதுக் களஞ்சியத்தில் அதை எவரும் பார்க்கலாம். சொந்த முகவரியை வெளியிட விரும்பாதவர்கள், குறிப்பாக மாணவிகள், கிட்ஹப் தரும் மறைப்பு முகவரியைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது நல்லது.

இணைய நிரலும் அதன் வரலாறும் சேர்ந்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு, அதுவும் இந்தக் கரையின் துயரத்திலிருந்து பிறந்தது. 2004 டிசம்பர் 26 கடற்கோள் இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மாவட்டங்களில் மிகக் கூடுதலாக இழந்தது இந்த ஊர்கள் அடங்கிய அம்பாறை. எந்த முகாமில் எத்தனை பேர், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எந்தப் பொருள் எங்கே தேவை என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை இல்லை. சில நாட்களுக்குள் இலங்கையின் நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் ஒருங்கிணைத்தது. பி.எச்.பி.யிலும் மைஎஸ்கியூஎல்லிலும் அவர்கள் எழுதிய வலைச்செயலிதான் சஹானா. உயர்தர மாணவர் இன்று வகுப்பில் தொடும் அதே கருவிகள்.

அவர்கள் நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டு, சோர்ஸ்போர்ஜ் தளத்தில் சி.வி.எஸ். களஞ்சியத்தில் வைத்தார்கள், கிட் அப்போது பிறந்திருக்கவில்லை. களஞ்சியம் திறந்திருந்ததால், 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும் 2006இல் பிலிப்பைன்ஸில் மண் சரிந்தபோதும் மற்றவர்கள் நிரலைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருது சஹானாவுக்குக் கிடைத்தது. பின்னர் பைத்தனில் புதிதாக எழுதப்பட்ட வடிவம் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் மருத்துவமனைகளின் நிலையைப் பதிவு செய்யப் பயன்பட்டது. ஈடன் என்ற பெயரில் அது லோஞ்ச்பேட் என்ற தளத்திலும் பின்னர் கிட்ஹப்பிலும் வளர்ந்தது. அதன் கொமிட்டுகளை இன்று எவரும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கலாம். பெரிய மென்பொருள் எப்படிச் சிறிய திருத்தங்களால் ஆகிறது என்பதை அதைவிட நன்றாகக் காட்டும் பாடநூல் கிடைப்பது அரிது.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும், இந்த ஊர்களுக்கு எட்டிய தூரத்தில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிரல் எழுதும் விஎஸ் கோட் இலவசம், கிட் இலவசம், வெளியிட இடமும் இலவசம். தேவைப்படுவது ஒரு சாதாரண மடிக்கணினியும், சேர்ந்து எழுத ஒரு கூட்டாளியும், பக்கம் வேண்டும் என்று கேட்கும் ஒரு கடைக்காரரும்.

ஆசிரியர்களிடம் வேண்டுகோள் ஒன்றுதான். எச்.டி.எம்.எல். பாடத்தின் முதல் நாளிலேயே, முதல் கோப்பைச் சேமித்தவுடன், 'கிட் இனிட்' கட்டளையையும் முதல் கொமிட்டையும் செய்விக்க வேண்டும். ஒப்படையை சிப் கோப்பாக வாங்காமல் களஞ்சிய முகவரியாக வாங்கி, பக்கத்துக்குப் போடும் புள்ளியில் ஒரு பங்கைக் கொமிட் குறிப்புகளுக்கும் ஒதுக்குங்கள்.